வங்கக் கடலில் ஓர் அஸ்தமனம்

எங்கள் தேனிலவுக்கு எட்டுப் பேர் போனோம். டிரைவரையும் சேர்த்தால் ஒன்பது.

திட்டம் போட்டபோது இரண்டு பேர்தான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதம். கல்யாணமாகி மூன்று வாரம். சாப்பிடும்போது, ரசத்துக்கும் மோருக்கும் நடுவே, வீட்டில் யாருடைய கவனமும் தட்டைத் தாண்டிப் போகாத நேரமாகப் பார்த்து, "ரெண்டு நாள் லீவு போட்டுட்டு மகாபலிபுரம் போயிட்டு வரலாம்னு பாக்கறேன்" என்றேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நல்லதாப் போச்சு. நானும் கடலைப் பாத்து பத்து வருஷமாச்சு."

அப்பா அதைவிட வேகம். அரசாங்க உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருஷம் நிதானமாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர், அந்த நிதானத்தையெல்லாம் ஒரே ராத்திரியில் உதறிவிட்டார். மறுநாள் பொழுது சாய்வதற்குள் வேன் பேசியாகிவிட்டது. சிவாஜி நகரில் இருந்த அக்காவுக்குத் தகவல் போய், அக்கா வீட்டுக்காரர் ஃபாக்டரியில் லீவும் வாங்கிவிட்டார். அவர்களுடைய இரண்டு வாண்டுகள் காற்றடித்து மிதக்க ரப்பர் டியூப் தேடித் தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்தன. எதிர்வீட்டு அம்மாள் "ஹனிமூனா?" என்று கேட்டதற்கு, "ஆமா, எல்லாரும் போறோம்" என்று அம்மா பெருமையாகச் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

என் மனைவி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பிரச்சினையே அதுதான்.

தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளக் கூடாது. இருந்தாலும் சொல்கிறேன், வேறு யாரும் சொல்லப் போவதில்லை. பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் தெருவில் சிரிப்பு மூட்டுகிறவன் என்றால் அது நான்தான். கல்யாண வீடுகளில் பந்தியில் என் பக்கத்தில் உட்கார இடம் பிடிப்பார்கள். ஆபீசில் மேனேஜர் ஒருமுறை என்னைத் திட்டுவதற்காகக் கூப்பிட்டு, பாதியில் சிரித்துவிட்டு, எதற்குக் கூப்பிட்டோம் என்பதையே மறந்து அனுப்பியிருக்கிறார். அப்படிப்பட்ட ஆளைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவள் மூன்று வாரத்தில் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. நான் ஏதாவது சொல்வேன். அப்பா இருமி இருமிச் சிரிப்பார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். இவள் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிட்டுக் கடைசியில் தன் தட்டைப் பார்ப்பாள். உதட்டில் ஒரு மரியாதைப் புன்னகை இருக்கும். சர்க்கரை போட மறந்த காப்பியைக் குடித்துக்கொண்டே "நல்லா இருக்கு" என்போமே, அந்தப் புன்னகை.

எனக்குப் பயம் வந்துவிட்டது. என் ஜோக்கைப் பிடிக்கவில்லையா, என்னையே பிடிக்கவில்லையா? இந்தக் காப்பிப் புன்னகையோடு ஐம்பது வருஷம் எப்படித் தள்ளுவது? கேட்டுவிடலாம் என்றால் எங்கே வைத்துக் கேட்பது? எங்கள் அறைக்கும் அப்பா அம்மா அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் அப்பா தும்மினால் இந்தப் பக்கம் எங்கள் விளக்கு ஆடும். அதனால்தான் கடலைத் தேர்ந்தெடுத்தேன். அலைச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. ஒரே ஒரு மணி நேரம் அவளோடு தனியாக உட்கார வேண்டும், அவளைச் சிரிக்க வைக்க வேண்டும், முடியாவிட்டால் ஏன் என்று கேட்டுவிட வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

ஒரு நம்பிக்கையும் இருந்தது. ஆபீசில் என் பக்கத்து மேஜையில் ஒரு மங்களூர்க்காரர். ஒவ்வொரு கோடையிலும் ஊருக்குப் போய்விட்டு வந்து பதினைந்து நாளைக்குக் கடலில் சூரியன் விழுவதைப் பற்றியே பேசுவார். முதலில் சூரியன் தாம்பாளம் மாதிரி ஆகுமாம். அடி விளிம்பு தண்ணீரைத் தொட்டதும் நெளியுமாம். அப்புறம் வெல்லக்கட்டி கரைகிற மாதிரி உள்ளே போகுமாம். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். கல்யாணமான இரண்டாவது வாரம் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது அதை அவளிடம் அப்படியே எடுத்துவிட்டேன், நானே பார்த்து வந்தவன் மாதிரி. "மகாபலிபுரத்துல காட்டறேன் பாரு" என்று முடித்தேன்.

அவள் உதடு ஒரு பக்கமாகக் கொஞ்சம் கோணியது. கையிலிருந்த தலையணை உறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

ஆசை, என்று நினைத்துக்கொண்டேன். பாவம், கிருஷ்ணகிரிப் பெண். அணையைத் தவிர வேறு தண்ணீரைப் பார்த்திருக்க மாட்டாள்.

பெங்களூர்க்காரர்கள் கடலுக்குப் புறப்படுவதைக் கடலோரத்து ஆட்கள் யாரும் பார்க்காமல் இருப்பது நல்லது. "கடக் காத்து ஈரக் காத்து, சளி புடிச்சுக்கும்" என்று அம்மா எட்டு ஸ்வெட்டர் எடுத்து வைத்தாள். அப்பாவுக்குக் கூடுதலாக ஒரு குரங்குக் குல்லாவும் மஃப்ளரும். அங்கே தண்ணீர் உப்புக் கரிக்கும் என்று இரண்டு பெரிய கேன் நிறையக் காவேரித் தண்ணீர். ஒரு டின் நிப்பட்டு, அதாவது எங்கள் ஊர்த் தட்டை, ஒரு தூக்கு புளிசாதம். எங்கள் தெருக்காரரான டிரைவர் ஸ்வெட்டர் மூட்டையை வேனுக்குள் தூக்கிப் போட்டுவிட்டு என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்.

"சார், மகாபலிபுரம்னுதானே சொன்னீங்க? மணாலி இல்லையே?"

அதிகாலையில் கிளம்பினோம். பழைய மெட்ராஸ் ரோட்டில் வேன் கோலாரைத் தாண்டுவதற்குள் நான் முழு வேகத்துக்கு வந்திருந்தேன். அக்கா வீட்டுக்காரர் எடுத்துக் கொடுப்பார், நான் முடிப்பேன். வேன் ரோட்டுக் குழிகளால் குலுங்கியதைவிட எங்களால் குலுங்கியது அதிகம். "தூ, சும்னிரோ!" என்று அக்கா கண்ணீரைத் துடைத்துக்கொண்டு என் தலையில் குட்டினாள். வாயை மூடுடா என்பதை எங்கள் வீட்டில் கன்னடத்தில்தான் சொல்வோம். டிரைவர்கூட ஒரு இடத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திச் சிரித்துவிட்டுத்தான் மறுபடி எடுத்தார். என் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து சித்தூர்ப் பாறைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அவளுக்காகவே பிரத்தியேகமாக இரண்டு ஜோக் எடுத்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காப்பிப் புன்னகை கிடைத்தது.

ராணிப்பேட்டையில் ஸ்வெட்டர்கள் கழன்றன. காஞ்சிபுரத்தில் அப்பா சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். அப்பாவின் மேல் பொத்தான் கழன்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. செங்கல்பட்டு தாண்டியபோது யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

விடுதியில் இரண்டு அறை. ஒன்றில் பெண்களும் குழந்தைகளும், ஒன்றில் ஆண்கள் என்று அப்பா பிரித்தார். தேனிலவில் நான் யாரோடு படுத்துக்கொண்டேன் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அக்கா வீட்டுக்காரர் குறட்டை விடுவார். அறையில் ஒரு மின்விசிறி தொங்கியது. எங்கள் வீட்டில் மின்விசிறியே கிடையாது. அன்றைய பெங்களூரில் பாதி வீடுகளில் கிடையாது, யாருக்கும் தேவைப்படவில்லை. அப்பா அதைக் கீழே நின்று வெகுநேரம் ஆராய்ந்தார்.

"சுத்தறப்போ கழண்டு விழுந்துட்டா?" என்று கேட்டு, கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டார். அரை மணி நேரத்தில் அவரே கட்டிலை நடுவில் இழுத்து, "இதுக்கு மேல வேகம் கிடையாதா?" என்றார்.

அன்று சாயங்காலமே முயற்சி செய்தேன். மற்றவர்கள் அசந்து படுத்திருந்தபோது பக்கத்து அறை வாசலில் நின்று கண்ணைக் காட்டினேன். அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வந்தாள். நாலு அடி நடந்திருப்போம்.

"மச்சான்! எங்க, கடலுக்கா? இருங்க, நானும் வரேன். தனியாப் போகாதீங்க, அலை இழுத்துக்கும்." அக்கா வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு வாண்டுகள். அவற்றின் பின்னால் ரப்பர் டியூப். மூன்று பேரும் எங்களுக்கு நடுவில் நடந்தார்கள்.

மறுநாள் காலை எல்லோரும் கடலில் குளிக்கப் போனோம். அம்மா மருமகளின் கையைப் பிடித்து அழைத்துப் போய், தூரத்துச் சொந்தக்காரரை அறிமுகம் செய்வது மாதிரி, "இதாம்மா கடல்" என்றாள். "பயப்படாத, என்ன? நாங்கல்லாம் இருக்கோம்."

"சரிங்க அத்தை."

அப்பா பாடம் எடுத்தார். "அலை வர்றப்போ நேரா நிக்கணும். நெஞ்சை நிமித்தி. அது நம்மளைப் பாத்துத்தான் பயப்படணும்." அக்கா வீட்டுக்காரரின் ஏற்பாடு இன்னும் பிரமாதம். பாதுகாப்புக்காக வீட்டிலிருந்து துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்துக் கொண்டுவந்திருந்தார். ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் பிடித்துக்கொள்ளலாமாம். எட்டுப் பேரும் வரிசையாக நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு முழங்கால் ஆழத்துக்குப் போனோம். நான் அவள் பக்கத்தில் நின்று, "கயித்தை மட்டும் விட்டுடாத" என்று தைரியம் சொன்னேன்.

அலை ஒன்று வந்தது. அப்படிப் பெரிய அலைகூட இல்லை. அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். அலை பயப்படவில்லை. அப்பா சாய்ந்தார். அவர் பிடித்திருந்த கயிறு அம்மாவைச் சாய்த்தது, அம்மா அக்காவை, அக்கா தன் கணவரை. கொடியிலிருந்து துணி மொத்தமாக விழுவது மாதிரி விழுந்தோம். நான் கால் மேலே, தலை கீழே. ஒரு படி உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தபோது என் மனைவி ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தாள். கயிற்றை எப்போதோ விட்டிருந்தாள். பக்கவாட்டில் திரும்பி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, குதிகாலை மணலில் ஊன்றி நின்றாள். ஒரு கையில் அம்மாவின் முழங்கை, மறு கையில் அலை கொண்டுபோகவிருந்த அப்பாவின் மூக்குக்கண்ணாடி.

"அத்தை, கண்ணைத் திறக்காதீங்க, எரியும். மாமா, அப்படியே உக்காருங்க, இன்னொண்ணு வருது."

இவ்வளவு பார்த்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுக எழுந்து நின்று, "முதல் தடவைக்குப் பரவாயில்லையே, சபாஷ்" என்றேன்.

"சரிங்க" என்றாள். உதடு மறுபடியும் ஒரு பக்கமாகக் கோணியது.

சாயங்காலம் அஸ்தமனம். அவளை மட்டும் அழைத்துப் போவதாக இருந்தேன். ஆனால் அந்தத் தாம்பாள வர்ணனையை நான் வேனில் எல்லோருக்கும் ஒருமுறை அரங்கேற்றியிருந்ததால் நாலரை மணிக்கே மொத்தக் குடும்பமும் தயாராக நின்றது. அக்கா வீட்டுக்காரர் கேமராவில் கடைசி நாலு படத்தை அதற்கென்றே மிச்சம் வைத்திருந்தார். நானே கடற்கரையில் நல்ல இடமாகத் தேடி, நண்டு வளையெல்லாம் பார்த்து ஒதுக்கி, ஜமக்காளம் விரித்தேன். எல்லோரையும் கடலைப் பார்க்க வரிசையாக உட்கார வைத்தேன். உயரமானவர்கள் பின்னால், வாண்டுகள் முன்னால். அவளைச் சரியாக நடுவில்.

"கண்ணை மட்டும் இமைக்காதீங்க. தண்ணியைத் தொட்டா ரெண்டே நிமிஷம்தான்."

காத்திருந்தோம். ஐந்தரை ஆயிற்று. கடல் நீலமாக இருந்தது. எங்கள் நிழல்கள் எங்களுக்கு முன்னால் நீண்டு தண்ணீர்வரைக்கும் போய்க்கொண்டிருந்தன. அப்பா ஒரு தடவை நெளிந்தார்.

"முதுகு காயுதேடா."

"கடல் வெயில் அப்படித்தான்பா. எல்லாப் பக்கமும் அடிக்கும்."

அப்பா ஒப்புக்கொண்டார். ஏழு பேருக்கும் முதுகு காய்ந்தது. ஒருவருக்கும் ஏன் என்று தோன்றவில்லை. எட்டாவது ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, அதில் தாடையை வைத்துக்கொண்டு, உதட்டைப் பல்லால் கடித்தபடி இருந்தாள். அடக்கமான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு மணி சுமாருக்கு ஒரு சுண்டல்காரர் வந்தார். நரைத்த மீசை, தோளில் தூக்கு. எட்டுப் பொட்டலம் கட்டியபடியே நாங்கள் பார்க்கும் திசையை அவரும் கொஞ்ச நேரம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"இன்னா சார், கப்பல் எதுனா வருதா?"

"இல்லைங்க. அஸ்தமனம் பாக்கறதுக்கு உக்காந்திருக்கோம்."

அவர் கடலைப் பார்த்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி கடலைப் பார்த்தார். கடைசியாக எங்கள் மடியிலிருந்த ஸ்வெட்டர்களைப் பார்த்தார்.

"எந்த ஊரு?"

"பெங்களூர்."

"ஆங்" என்றார். "அப்ப சரி. உக்காருங்க. காலையில கட்டாயம் வரும்."

அப்போதுதான் அது கேட்டது. முதலில் விக்கல் என்று நினைத்தேன். திரும்பினால் என் மனைவி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள், தோள் இரண்டும் குலுங்கின. பிறகு முகத்தைத் தூக்கினாள், அவ்வளவுதான். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. வளையல் குலுங்க, கண்ணில் தண்ணீர் கொட்ட, மணலை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டு, மூன்று வாரச் சிரிப்பு முழுவதையும் சிரித்தாள். சுண்டல் பொட்டலம் ஒரு பக்கம் கவிழ்ந்தது.

"ஏனாயித்தம்மா?" என்று அம்மா பதறினாள். என்ன ஆயிற்றோ என்ற பதற்றத்தில் அவளுக்குக் கன்னடம்தான் வந்தது.

அவளால் பேச முடியவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தாள். எல்லோர் முன்னாலும், முதல் தடவையாக. பிடித்து, கதவைத் திருப்புவது மாதிரி என்னை அப்படியே பின்பக்கம் திருப்பினாள்.

எங்களுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு. அதற்கு அந்தப் பக்கம் குன்றின் மேல் கலங்கரை விளக்கம். அதன் காலடியில், தாம்பாளம் மாதிரி, முக்கால்வாசி இறங்கிவிட்டிருந்தது சூரியன்.

அக்கா வீட்டுக்காரர் கேமராவைத் தூக்கினார், அவர் ஃபோகஸ் செய்து முடிப்பதற்குள் அது போய்விட்டது.

"கிழக்குக் கடற்கரைடா இது" என்றார் அப்பா. "கிழக்கு."

"நீங்களும்தானே ஒன்றரை மணி நேரமா உக்காந்திருந்தீங்க?"

"உன்னை நம்பி உக்காந்தேன் பாரு, அது என் தப்பு."

"சும்மா என் புள்ளையவே சொல்லாதீங்க" என்றாள் அம்மா. "மே மாசத்துல சூரியன் அப்படி இப்படிக் கொஞ்சம் தள்ளித்தான் போகும்."

இதைக் கேட்டு இன்னொரு தடவை மணலில் சாய்ந்துவிட்டாள் மருமகள். அவள் ஓயும்வரை காத்திருந்துவிட்டு அம்மா கேட்டாள்.

"உனக்கெப்படிம்மா தெரிஞ்சுது?"

"நான் நாகப்பட்டினத்துல வளர்ந்தவ, அத்தை. பத்தாவது முடிக்கிற வரைக்கும் அங்கதான். வீட்டுக்கு அஞ்சாவது தெரு கடல். அப்புறம்தான் அப்பாவுக்குக் கிருஷ்ணகிரிக்கு மாத்தலாச்சு."

"சொல்லவே இல்லையே!"

"யாரும் கேக்கலையே, அத்தை."

உண்மைதான். பெண் பார்க்கப் போனபோது சமைக்கத் தெரியுமா என்று கேட்டோம், ஜாதகம் கேட்டோம், பெங்களூர்க் குளிர் ஒத்துக்கொள்ளுமா என்றுகூடக் கேட்டோம். மாமனார் மீன்வளத் துறையில் வேலை பார்க்கிறார் என்பதும் எங்களுக்குத் தெரியும். மீன் எங்கே இருக்கும் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. காலையில் நாங்கள் எல்லோரும் அவளுக்குக் கடலைச் சொல்லிக்கொடுத்தது எங்களுக்கு ஒவ்வொருவராக ஞாபகம் வந்தது. அப்பா கொடிக்கயிறு இருந்த பையை மெதுவாக ஸ்வெட்டருக்கு அடியில் தள்ளினார்.

அக்கா ஜமக்காளத்தை உதறப் போனாள். "கிளம்பாதீங்க, அண்ணி" என்றாள் என் மனைவி. "இன்னிக்குப் பௌர்ணமி. இப்ப உக்காந்தமாதிரியே உக்காருங்க, கொஞ்ச நேரம்தான்."

உட்கார்ந்தோம். வேறு யார் சொன்னாலும் அன்றைக்கு இரண்டாவது தடவை அந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்க மாட்டோம். இருட்டத் தொடங்கியது. கடலும் வானமும் ஒட்டிக்கொண்ட இடத்தில் பழைய பித்தளை நிறத்தில் ஏதோ கசிந்தது. பிறகு அது விளிம்பாயிற்று, பாதியாயிற்று. தண்ணீரிலிருந்து பிய்த்துக்கொண்டு வருகிற மாதிரி நெளிந்து, நிலா முழுசாக மேலே வந்தது. வாண்டுகள்கூடச் சுண்டல் பொட்டலத்தைக் கீழே வைத்தன. அக்கா வீட்டுக்காரர்தான் கடைசியில், "நான் சொல்லலை? கடல்ல ஏதோ ஒண்ணு நிச்சயம் பாக்கலாம்னு" என்றார். அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. நாலு படமும் எடுத்து முடித்தார்.

வாண்டுகளுக்குப் பசி வந்தது. அம்மா எழுந்து மணலைத் தட்டினாள். நானும் எழுந்தேன். அம்மா என் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் மெதுவா வாங்க."

"அலை இழுத்துக்கும் அத்தை, நான் வேணா..." என்று அக்கா வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"அவ இருக்கா, பாத்துப்பா. நீங்க வாங்க" என்று அம்மா அவரைச் சட்டையைப் பிடிக்காத குறையாக இழுத்துப் போனாள்.

நான் கேட்ட ஒரு மணி நேரம் இப்படித்தான் கிடைத்தது. மூன்று வாரமாக ஒத்திகை பார்த்த ஒரு வாக்கியமும் அப்போது வரவில்லை.

"மாடியிலேயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"அவ்வளவு ஆசையாச் சொன்னீங்க. கெடுப்பானேன்னு விட்டுட்டேன். ஆனா நீங்க பாத்ததில்லைன்னு அப்பவே தெரியும்."

"எப்படி?"

"கண்ணை மூடிட்டுச் சொன்னீங்க. பாத்தவங்க யாரும் கண்ணை மூடிட்டுச் சொல்ல மாட்டாங்க."

மங்களூர்க்காரரைக் காட்டிக்கொடுத்தேன். அதற்கும் சிரித்தாள். இரண்டாவது சிரிப்பு வந்த தைரியத்தில் கேட்டுவிட்டேன். "நான் சொல்ற எதுக்குமே நீ சிரிச்சதில்லையே. என்னைப் பிடிக்கலையா, என் ஜோக்கைப் பிடிக்கலையா? ஜோக்குன்னா மாத்திக்கலாம்."

அவள் மணலில் விரலால் ஏதோ கிறுக்கினாள்.

"புரிஞ்சாத்தானே சிரிக்கறதுக்கு?"

"புரியலையா? தமிழ்லதானே சொல்றேன்?"

"தமிழ்லதான் ஆரம்பிக்கறீங்க" என்றாள். "'ஒரு ஆட்டோக்காரன் இருந்தான்'னு ஆரம்பிப்பீங்க. நானும் காதைத் தீட்டிட்டு உக்காருவேன். அந்த ஆட்டோக்காரன் வாயைத் திறந்தா கன்னடம். டபக்குனு எல்லாரும் சிரிப்பீங்க. எனக்கு மட்டும் அவன் என்ன சொன்னான்னே தெரியாது. முதல் வாரம், நீங்கல்லாம் என்னைப் பத்தித்தான் ஏதோ பேசிச் சிரிக்கறீங்கன்னு நினைச்சேன்."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவள் ஒரு வாரம் அப்படி நினைத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். நாங்கள் கன்னடத்துக்குத் தாவுகிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து தாவுகிறவர்கள், எந்த வரியில் தாவினோம் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்போம். எல்லா ஜோக்கும் எனக்கு முடிகிற இடத்தில் கன்னடமாகிவிடும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"ஒண்ணுகூட உன்னைப் பத்தி இல்ல" என்றேன். "சத்தியமா."

"தெரியும், இப்ப. சரி, அந்த ஆட்டோக்காரன் கடைசில என்னதான் சொன்னான்?"

"எந்த ஆட்டோக்காரன்?"

"மாமாவுக்குப் பொறை ஏறி, அத்தை தலையைத் தட்டினாங்களே, அது."

என் கையிலிருந்ததிலேயே சிறந்த ஜோக் அது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதலிலிருந்து சொன்னேன். ரோட்டுக் குழியைச் சொன்னேன், சவாரி ஏறிய தாத்தாவின் குடையைச் சொன்னேன், குரலையெல்லாம் மாற்றினேன். முடிவு வந்தது. தமிழில் யோசித்தேன்.

"ஆட்டோக்காரன் சொன்னான்... 'அப்படின்னா நீங்களே ஓட்டிக்குங்க.'"

அலை ஒன்று வந்து போனது.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"இதுக்கா மாமாவுக்குப் பொறை ஏறிச்சு?"

"கன்னடத்துல அது வேற மாதிரி இருக்கும். அந்த இழுப்பு இருக்கு பாரு, அந்த இழுப்பு..." என்று நான் கையை ஆட்டி விளக்க ஆரம்பித்தேன். விளக்க விளக்க அது இன்னும் மோசமாயிற்று. அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஜோக்குக்கு இல்லை, நான் படும் பாட்டுக்கு. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. "அடுத்தது?" என்றாள். வரிசையாக ஏழு ஜோக்கைத் தமிழில் சொன்னேன். ஏழும் அந்தக் கடற்கரையிலேயே உயிரை விட்டன. ஒவ்வொன்று செத்தபோதும் அவள் சிரித்தாள்.

எட்டாவது பால்காரர் ஜோக். அதன் கடைசி வரிக்கு நான் திண்டாடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

"டேய், அதை நாசம் பண்ணிட்டியேடா!"

அப்பா. எங்களைச் சாப்பிடக் கூப்பிட வந்தவர் எவ்வளவு நேரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாரோ தெரியாது. கழுத்தில் மஃப்ளர் இருந்தது. என்னை நகரச் சொல்லிவிட்டு ஜமக்காளத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இவன் சொன்னா இப்படித்தாம்மா இருக்கும். நான் சொல்றேன் கேளு. முழுக்கத் தமிழ்லயே சொல்றேன்."

ஆரம்பித்தார். எருமை வரைக்கும் நன்றாகத்தான் வந்தார். அதற்கு மேல் வாய் திறந்தால் கன்னடம் வந்தது. வரும்போதெல்லாம் அவரே உதட்டை இறுக்கி நிறுத்திக்கொண்டார். மூன்று தடவை நிறுத்தினார். நாலாவது தடவை ஒரு சொல் தமிழில் வரவே மாட்டேனென்றது. கையால் ஏதோ சுழற்றிக் காட்டினார், கன்னத்தை உப்பிக் காட்டினார், கடைசியில் மருமகள் பக்கம் சாய்ந்து ரகசியமாகக் கேட்டார்.

"பாலைக் கறக்கறப்போ மேல பொங்கி வருமே, புஸ்ஸுன்னு. அதுக்குத் தமிழ்ல என்னம்மா?"

"நுரை, மாமா."

"ஆங், நுரை" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்துக்குத் திரும்பினார். ஆனால் அந்த நுரையைத் தேடிய அலைச்சலில் கடைசி வரியையே மறந்துவிட்டார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "இரு, இரு, வந்துடும்" என்றார். அவள் இருக்கவில்லை. அது வருவதற்கு முன்பே சிரித்துவிட்டாள்.